மலிவு ஹேண்டிக்கு எந்த ஆன்டெனா?

பாவ்ஃபெங் யு.வி.-5ஆர் என்ற மலிவான கை வயர்லெஸ் செட் (ஹேண்டி) கைக்கு வந்த கொஞ்ச நாளில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "இதுக்கு நல்ல ஆன்டெனா எது, எதை வாங்கிப் போடலாம்?" என்பதுதான். கேள்வி நியாயமானது, ஏனென்றால் பெட்டியோடு வரும் அந்தக் குட்டி ரப்பர் ஆன்டெனா சுமார் ரகம்தான், விலையைக் குறைப்பதற்காகக் கை வைத்த இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் பதிலை ஒரு மாடல் நம்பரில் சொல்லிவிட முடியாது. நீங்கள் தெருவில் நடந்துகொண்டே பேசுபவரா, காரில் போகும்போது பேசுபவரா, அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடி அறையில் உட்கார்ந்து, நம் சிக்னலை வாங்கி உயரத்திலிருந்து மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரைப் பிடிக்கப் பார்ப்பவரா என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாக மாறும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளியில் நடமாடுபவருக்குச் சுமார் 40 செ.மீ. நீளமுள்ள விப் (மெல்லிய கம்பி) ஆன்டெனாவும் அதோடு கீழே தொங்கும் அரை மீட்டர் ஒயரும் போதும். வீட்டிலிருந்து பேசுபவர் செட்டின் தலையில் திருகும் எந்த ஆன்டெனாவுக்கும் பணம் போட வேண்டாம், அந்தப் பணம் மொட்டை மாடிக்குப் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். இது ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் வைத்திருப்பவர்களுக்கான பேச்சு. இந்தியாவில் இந்த வகை செட்டைக் கையில் வைத்திருக்கவே உரிமம் வேண்டும், தேர்வு எழுதி வாங்கிவிட்டால் 2 மீட்டர் பேண்டில் (அலைவரிசைப் பட்டையில்) 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையும், 70 சென்டிமீட்டரில் 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையும் நமக்கு இடம் உண்டு. செட் அதற்கு வெளியேயும் டிரான்ஸ்மிட் செய்யும், ஆனால் செய்யக் கூடாது.

சரி, கூட வரும் ஆன்டெனாவில் என்ன குறை? 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 2 மீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள நேரான கம்பி, அதாவது 49 செ.மீ. சுமார், ஒரு ஒழுங்கான ஆன்டெனா. பெட்டியில் வருவது ஒரு சாண்கூட இருக்காது. அவ்வளவு நீளத்தையும் சுருள் சுற்றி ரப்பருக்குள் அடக்கியிருக்கிறார்கள், ஒத்திசைவு வந்துவிடும், ஆனால் கம்பி குட்டையாகிவிட்டதால் செட் கொடுக்கும் சக்தியில் பெரும் பகுதி காற்றில் போகாமல் சுருளிலேயே சூடாகப் போய்விடும். 435 மெகாஹெர்ட்ஸில் கதை வேறு. அங்கே கால் அலைநீளம் 17 செ.மீ.தான், அந்தக் குட்டி ஆன்டெனாவின் நீளமே கிட்டத்தட்ட அதற்குப் போதும். அதனால்தான் ஒருவர் "ஆன்டெனா மாற்றியதும் செட்டே மாறிவிட்டது" என்பார், இன்னொருவர் "ஒரு வித்தியாசமும் இல்லை" என்பார், இரண்டு பேரும் சொல்வது உண்மையாகவே இருக்கும். முதலாமவர் 2 மீட்டரில் பேசுகிறார், அடுத்தவர் 70 சென்டிமீட்டரில். பாவ்ஃபெங் பி.எஃப்.-888எஸ் மாதிரி யு.எச்.எஃப். (70 சென்டிமீட்டர் பக்கம்) மட்டுமே உள்ள 16 சேனல் செட் வைத்திருப்பவர்கள் இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம், ஆன்டெனா மாற்றிப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. ஆன்டெனா என்பது மேலே நிற்கும் கம்பி மட்டும் கிடையாது, அதற்குக் கீழே மறுபாதி ஒன்று வேண்டும். கார் கூரையில் வைத்தால் கூரை அந்த மறுபாதி. ஹேண்டியில் அதன் உள்ளே இருக்கும் உலோகச் சட்டமும், பேட்டரியும், அதைப் பிடித்திருக்கும் உங்கள் கையும் சேர்ந்து ஏதோ ஒரு மறுபாதியாக ஒப்பேற்றுகின்றன. யு.வி.-5ஆர் உள்ளங்கை அளவு செட், 2 மீட்டர் அலைக்கு அந்த உடம்பு ரொம்பச் சின்னது. செட்டை மேஜையில் வைத்துவிட்டு வெளி மைக்கில் பேசும்போது சிக்னல் குறைவதும், கையில் எடுத்ததும் கூடுவதும் இதனால்தான். மேல் கம்பியை மட்டும் எவ்வளவு உசத்தியாக மாற்றினாலும் இந்தக் குறை அப்படியே இருக்கும்.

மறுபாதிக்கான மருந்து செலவே இல்லாதது. வெளிநாட்டு ஹாம்கள் புலிவால், எலிவால் என்றெல்லாம் பெயர் வைத்திருக்கும் 49 செ.மீ. ஒயர் அது. வீட்டு வயரிங்கில் மிச்சமான, இழை இழையாக உள்ள வளையும் ஒயர் போதும். ஒரு முனையில் வளைய லக் (ஓட்டையுள்ள உலோக முனை) ஒன்றை அழுத்திக் கட்டுங்கள். லக்கின் ஓட்டை கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஆன்டெனாவின் அடியில் உள்ள மரையின் மேல் ஏறும். ஏற்றிவிட்டு ஆன்டெனாவைத் திருகினால் லக் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், ஒயர் செட்டின் பக்கவாட்டில் கீழே தொங்கும். லக் தடிமனாக இருக்கக் கூடாது, தடித்த லக் போட்டால் நடு ஊசி உள்ளே சரியாகப் படாமல் தொடர்பு விட்டு விட்டு வரும், தகடு மாதிரி மெல்லியதைத் தேடி வாங்குங்கள். 2 மீட்டரில் இது தரும் வித்தியாசம் பெரியது. அசல் ரப்பர் ஆன்டெனாவோடு இதைச் சேர்த்தாலே, அதுவரை விட்டு விட்டு வந்த ரிப்பீட்டர் நிலையாகத் திறப்பதைப் பார்க்கலாம். ஒரு ரூபாயும் செலவழிக்க மனமில்லாதவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தயங்காமல் சொல்வேன். குறை ஒன்று உண்டு, ஒயர் தொங்கிக்கொண்டிருக்கும், பேருந்தில் ஏறும்போதோ கூட்டத்திலோ எதிலாவது மாட்டும்.

இனி கடையில் கிடைப்பவை. கட்டை விரல் அளவில் ஒரு ரகம் உண்டு, டயமண்ட் எஸ்.ஆர்.எச்.-805எஸ் அதில் பெயர் பெற்றது, அதைப் பார்த்துச் செய்த நகல்கள் ஏராளம். சட்டைப் பைக்கு அழகாக இருக்கும். 2 மீட்டரில் அசலைவிடவும் மோசம், இயற்பியல் அதற்கு வேறு வழி வைக்கவில்லை. ஒரே வளாகத்துக்குள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள, செட்டை இடுப்பில் வைத்தால் குத்தக் கூடாது என்பவருக்கு மட்டும் சரி. அதற்கு அடுத்தது நகோயா என்.ஏ.-701 மாதிரி 20 செ.மீ. ரகம். அசலைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். இதற்குக் கொடுக்கும் காசில் இன்னும் கொஞ்சம் போட்டால் அடுத்த ரகம் கிடைக்கும் என்பதால் இதை யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை, பையில் வைக்க நீளம் ஒத்துவரவே வராது என்பவரைத் தவிர.

அந்த அடுத்த ரகம்தான் பலருக்குப் பதில். நகோயா என்.ஏ.-771, டயமண்ட் ஆர்.எச்.-771, இன்னும் இதே நீளத்தில் பல. 40 செ.மீ. அளவுள்ள மெல்லிய விப், அடியில் சின்னச் சுருள், இரண்டு பேண்டிலும் வேலை செய்யும். 2 மீட்டரில் கால் அலைநீளத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் இழப்பு வெகுவாகக் குறைகிறது. என்.ஏ.-24ஜே என்று ஒன்று இருக்கிறது, நீளம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் நன்றாக வளையும், கார் கதவில் மாட்டினாலும் மடங்கி நிமிர்ந்துவிடும். செட்டை எடுத்துக்கொண்டு அலைபவர்களுக்கு 771-ஐவிட 24ஜே தேவலை என்பது என் கருத்து. விளம்பரத்தில் போட்டிருக்கும் கெயின் (சிக்னலை எவ்வளவு கூட்டும் என்ற) எண்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஹேண்டியின் தலையில் நிற்கும்போது எந்தக் கம்பிக்கும் அந்த எண் வராது.

771-இல் உள்ள பெரிய தொல்லை போலிகள். உலகம் முழுக்க விற்கிறது, உலகம் முழுக்கப் போலி வருகிறது. அசல் ஒன்றின் விலை எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்று இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துவிட்டு, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு யாராவது விற்றால் ஒதுங்கிவிடுங்கள். கையில் வாங்கியதும் அடிப்பகுதியைப் பாருங்கள், செட்டின் தலையில் திருகி முடிக்கும்போது ஆன்டெனாவின் அடி விளிம்பு செட்டின் உடம்போடு ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் தாள் நுழையும் இடைவெளிக்கு மேல் இருந்தால், வீசும் ஒவ்வொரு அசைவும் அந்தச் சின்ன கனெக்டரின் மேல் நேராக விழும். அந்த இடைவெளிக்குள் ஒரு ரப்பர் வாஷர் போட்டால் சரியாகிவிடும். போலி என்றால் வேலையே செய்யாது என்று அர்த்தம் இல்லை, சில போலிகள் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒத்திசைவு 145-க்குப் பதில் வேறெங்கோ போய் உட்கார்ந்திருந்தால் கூட வந்த ரப்பரையே திரும்ப மாட்ட வேண்டி வரும்.

சிக்னல் ஸ்டிக் என்று அமெரிக்காவிலிருந்து வரும் ஒன்றைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நிக்கல்-டைட்டானியம் கலந்த நிட்டினால் என்ற உலோகக் கம்பி, சுருட்டி முடிச்சுப் போட்டாலும் விட்டதும் நேராகிவிடும். முழுக் கால் அலைநீளம், கிட்டத்தட்ட 49 செ.மீ., உள்ளே சுருள் கிடையாது, அதனால் இழப்புக்கும் இடமில்லை, கெட்டுப்போகவும் எதுவும் இல்லை. 145-இல் கால் அலையாக இருக்கும் கம்பி 435-இல் தானாகவே முக்கால் அலையாகிவிடும், அதனால் ஒரே கம்பி இரண்டு பேண்டுக்கும் பொருந்துகிறது. எளிமையில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வரவழைக்கும் செலவையும் சுங்கத்தையும் சேர்த்தால் 24ஜே-யைவிடப் பல மடங்கு ஆகிவிடும், காதில் கேட்கும் வித்தியாசமோ மிகக் குறைவு. அங்கிருந்து யாராவது ஊருக்கு வந்தால் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காகத் தனியாக ஆர்டர் போட வேண்டாம்.

பட்டாளத்துப் பாணியில் மடக்கி வைக்கும் பட்டை ஆன்டெனா, அப்ரீ என்ற பெயரில் வருவது, பார்க்கப் பிரமாதமாக இருக்கும். 108 செ.மீ. நீளத்துக்குக்கூடக் கிடைக்கிறது. அந்த நீளம் 2 மீட்டரில் அரை அலைநீளம், அரை அலைக் கம்பிக்கு மறுபாதி அவ்வளவாகத் தேவைப்படாது, ஆகவே கொள்கை அளவில் இது நல்ல ஆன்டெனா. நடைமுறையில் அதன் எடை முழுவதும் ஒரு சுண்டு விரல் நுனி அளவு எஸ்.எம்.ஏ. என்ற திருகு கனெக்டரில் தொங்குகிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் காற்றில் ஆடி ஆடி, செட்டின் உள்ளே போர்டில் கனெக்டரைப் பற்றியிருக்கும் ஈயப் பற்று விட்டுப்போகும், அப்புறம் செட்டைத் திறந்து திரும்பவும் பற்ற வைக்கத் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும். இழுத்து நீட்டும் ரகமும், டயமண்ட் ஆர்.எச்.-770 மாதிரி, இதே கட்சிதான்: நிற்கும் இடத்தில் அருமை, நடக்கும்போது ஆபத்து. ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ ஒரு பாறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசப் போகிறீர்கள் என்றால் இழுத்து நீட்டும் ஆன்டெனாவை எடுத்துப் போங்கள், நான் சொன்ன எல்லா விப்பையும் அது தோற்கடிக்கும். செட்டை நிமிர்த்திப் பிடியுங்கள், அடியில் ஒரு கையால் ஆன்டெனாவைத் தாங்கிக்கொள்ளுங்கள், முடிந்ததும் உள்ளே தள்ளிவிடுங்கள், தள்ளும்போது நுனியைப் பிடித்து அழுத்தாமல் அடிக் கண்ணியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்குங்கள்.

கனெக்டரைப் பற்றிப் பேச்சு வந்ததால், வாங்குமுன் பார்க்க வேண்டிய இன்னொன்று. பாவ்ஃபெங்கின் தலையில் இருப்பது ஊசியுள்ள எஸ்.எம்.ஏ. ஆண், ஆன்டெனா பெண்ணாக இருக்க வேண்டும். யேசு (Yaesu), ஐகாம் கம்பெனிகளின் செட்களுக்கு வரும் எஸ்.எம்.ஏ. ஆன்டெனா பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. அதே 771 இரண்டு வகையிலும் விற்கிறது, படத்தைப் பார்த்தால் தெரியாது, எழுத்தைப் படித்து வாங்குங்கள். அடிக்கடி ஆன்டெனா மாற்றுபவர் ஒரு பி.என்.சி. (லேசாகத் திருப்பினாலே பூட்டும் கனெக்டர்) அடாப்டரைச் செட்டில் நிரந்தரமாகத் திருகிவிட்டு, பி.என்.சி. ஆன்டெனாக்களாக வாங்கிக்கொள்வது நல்லது. எஸ்.எம்.ஏ. சில நூறு முறை கழற்றி மாட்டுவதற்கென்று செய்யப்பட்ட கனெக்டர், தினமும் திருகினால் மரை தேயும்.

இப்போது சென்னை மாதிரி ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை, இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். யு.வி.-5ஆர் உள்ளே இருக்கும் ரிசீவர் கிட்டத்தட்ட ஒரே சிப், ஆர்.டி.ஏ.1846. விலை மலிவானதற்கு அதுதான் காரணம், அதன் பலவீனமும் அதுதான். முன்னால் நல்ல வடிகட்டி கிடையாது, பக்கத்தில் பலமான டிரான்ஸ்மிட்டர் எது இருந்தாலும் அதன் சக்தி உள்ளே புகுந்து ரிசீவரைத் திணற வைக்கும். எஃப்.எம். நிலையங்கள், மொபைல் டவர்கள், போலீஸ் வயர்லெஸ் எல்லாம் நெருக்கியடிக்கும் இடத்தில் பெரிய ஆன்டெனா போட்டால் வேண்டிய சிக்னலும் கூடும், வேண்டாததும் கூடும். விளைவு, ரப்பர் ஆன்டெனாவில் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்த நண்பர் புது ஆன்டெனாவில் காணாமலே போய்விடுவார். நீங்கள் பேசுவது அவருக்கு முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும், அவர் பேசுவது உங்களுக்குக் கேட்காது. ஆன்டெனா பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள், ஆன்டெனா தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் வசிப்பவர் பெட்டியில் வந்த ஆன்டெனாவைத் தூக்கிப் போடாமல் பையில் வைத்திருக்க வேண்டும், டவர் பக்கத்தில் அதை மாட்டிக் கேளுங்கள், திறந்தவெளிக்குப் போனதும் நீளமானதை மாட்டுங்கள்.

மாற்றியது உண்மையில் பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செட்டின் திரையில் தெரியும் பட்டையை நம்பாதீர்கள், சிக்னல் வந்தால் முழுதாக எரியும், வராவிட்டால் அணையும், நடுவில் உள்ளது எதுவும் அதற்குத் தெரியாது. எஃப்.எம்.மின் குணமும் சேர்ந்து குழப்பும், ஓர் அளவுக்கு மேல் சிக்னல் வந்துவிட்டால் இரண்டு மடங்கு வந்தாலும் பத்து மடங்கு வந்தாலும் காதுக்கு ஒரே தெளிவுதான். அதனால் பக்கத்துத் தெரு நண்பரிடம் பேசிப் பார்த்து "சூப்பரா இருக்கு" என்று முடிவு செய்வதில் பயனில்லை. கரகரப்பு கலந்து, வார்த்தை பாதி புரிந்தும் புரியாமலும் வரும் தூரத்துச் சிக்னல் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், அங்கேதான் வித்தியாசம் தெரியும். செட்டைக் குறைந்த சக்தியில் வைத்துச் சோதித்தால் அந்த விளிம்பு பக்கத்திலேயே கிடைக்கும். இன்னும் ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால் நண்பர் ஒருவரிடம் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள் (கணினியில் செருகி ரேடியோ சிக்னலைத் திரையில் பார்க்க உதவும் கருவி) இருந்தால் போதும். அவர் மடிக்கணினியில் தானியங்கி கெயினை அணைத்துவிட்டு, உங்கள் அலைவரிசையைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் தரையில் ஒரு கோடு போட்டு அதன் மேலேயே நின்று, செட்டை முகத்துக்கு முன்னால் ஒரே உயரத்தில் நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு ஆன்டெனாவிலும் சில நொடிகள் பேசாமல் பட்டனை மட்டும் அழுத்துங்கள். திரையில் எழும் கூர்முனையின் உயரம் டெசிபலில் தெரியும், அவர் குறித்துக்கொள்வார். முதலில் மாட்டியதையே கடைசியில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள், எண் மாறியிருந்தால் நடுவில் ஏதோ நகர்ந்திருக்கிறது, திரும்பச் செய்ய வேண்டும். ஓர் அடி தள்ளி நின்றாலே சில டெசிபல் ஏறி இறங்கும் என்பதை அப்போது கண்ணால் பார்ப்பீர்கள், பல ஆன்டெனா விமர்சனங்களை அதற்குப் பிறகு நம்ப மாட்டீர்கள்.

எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து செட்டுக்குத் திரும்பி வரும் சக்தியைக் காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) மீட்டரையோ அதை அளக்கும் நானோ வி.என்.ஏ. கருவியையோ வைத்து "1.2 காட்டுகிறது, நல்ல ஆன்டெனா" என்பவர்களுக்கு ஒரு சொல். ஆன்டெனாவே இல்லாத, சக்தியைச் சூடாக்கி விழுங்கும் டம்மி லோடு 1.0 காட்டும், அது ஒரு அலையையும் வெளியே விடாது. இழப்பு மிகுந்த குட்டை ஆன்டெனாவும் அழகான எஸ்.டபிள்யூ.ஆர். காட்டக்கூடும். அதோடு அளக்கும் கருவியின் உடம்பு செட்டின் உடம்பு கிடையாது, மறுபாதி மாறினால் எண்ணும் மாறும். போலி ஆன்டெனா எங்கே ஒத்திசைகிறது என்று மேலோட்டமாகப் பார்க்க அது உதவும், இரண்டு நல்ல ஆன்டெனாக்களில் எது மேல் என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

5 வாட் செட்டைத் தள்ளிவிட்டு 8 வாட் செட் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். 5-இலிருந்து 8-க்குப் போனால் கிடைப்பது 2 டெசிபல். நீளமான விப்பும் வால் ஒயரும் 2 மீட்டரில் அதைவிடக் கூடுதலாகத் தரும், அதுவும் பேசும்போது மட்டுமில்லாமல் கேட்கும்போதும் தரும், பேட்டரியையும் தின்னாது. இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது உயரம். மீட்டரில் உயரத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாக வரும். தரையில் நிற்பவருக்கு, ஒன்றரை மீட்டர் உயரத்தில், 5 கி.மீ. இரண்டு பேரும் தரையில் நின்றால் சமவெளியிலேயே 10 கி.மீ., கட்டடங்களுக்கு நடுவே அதிலும் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். அதே ஆள் மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏறி 12 மீட்டர் உயரத்துக்குப் போனால் அவருடைய அடிவானம் மட்டும் 14 கி.மீ. ஆகிவிடும். 1500 மீட்டர் உயரத்தில், ஏற்காட்டில், கணக்கு 160 கி.மீ.யைத் தொடும். அந்த 160 கி.மீ.யை எந்தக் கடையிலும் ஆன்டெனாவாக விற்கவில்லை.

வீட்டிலிருந்து பேசுபவர்களுக்கு நான் முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான். கான்கிரீட்டும் கம்பியும் சூழ்ந்த அறைக்குள் செட்டின் தலையில் எதைத் திருகினாலும் சுவர் விழுங்கியது போகத்தான் மிச்சம். குறைந்த செலவில் முதல் படி, கார் கூரைக்கென்று விற்கும் காந்த அடி ஆன்டெனா. அதை இரும்பு பீரோவின் மேல் ஜன்னல் ஓரமாக வைத்தாலே பீரோ மறுபாதியாக வேலை செய்யும், கையில் பிடித்த விப்பைவிட நிச்சயம் மேல். பால்கனியில் வைக்க வேண்டுமானால் தகர பிஸ்கட் டப்பாவோ ஜி.ஐ. ஷீட் துண்டோ போதும், பெரிதாக இருந்தால் நல்லது. எவர்சில்வர் தாம்பாளம் வேண்டாம், பெரும்பாலும் காந்தம் ஒட்டாது.

வாடகை வீடு, மாடியில் கம்பம் நட விட மாட்டார்கள் என்பவருக்கு ஸ்லிம் ஜிம் என்ற தொங்கும் ஆன்டெனா. தட்டையான இரட்டைக் கம்பி கேபிளில் செய்வது, தூர்தர்ஷன் காலத்தில் மாடி ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு இறங்கிய 300 ஓம் பட்டை ஒயர் கிடைத்தால் அதிலேயே செய்யலாம். ஒன்றரை மீட்டர் சுமார், மறுபாதி தேவையில்லை, சுருட்டினால் பையில் அடங்கும், நைலான் கயிற்றில் கட்டிக் கொடிக் கம்பியிலோ மரக்கிளையிலோ நேராகத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. பயணம் போகிறவர்கள் இதையும் 24ஜே-யையும் சேர்த்து வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரையில் உள்ள வேறெதுவும் தேவைப்படாது.

மாடி உங்களுடையது என்றால் யோசிக்கவே வேண்டாம், கால் அலை கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா ஒன்றைச் செய்துவிடுங்கள். எஸ்.ஓ.-239 என்ற கேபிள் சாக்கெட் ஒன்று, விறைப்பான செம்பு அல்லது பித்தளைக் கம்பி ஐந்து துண்டு. ஒன்றை 49 செ.மீ. நீளத்தில் நடுவில் நிமிர்த்திப் பற்றவையுங்கள், மற்ற நான்கையும் கொஞ்சம் நீளமாக வெட்டிச் சாக்கெட்டின் நான்கு மூலை ஓட்டைகளில் மாட்டி 45 டிகிரி கீழே வளையுங்கள். ஒரு பி.வி.சி. பைப்பில் ஏற்றி உயர்த்திவிட்டால், செலவு நல்ல விப் ஒன்றின் விலைக்குப் பக்கத்தில்தான் வரும், பலனை ஒப்பிடவே முடியாது. கேபிளில் கவனம் வேண்டும். 10 மீட்டர் ஆர்.ஜி.-58 என்ற மெல்லிய கேபிள் போட்டால் 145-இல் மூன்றில் ஒரு பங்கு சக்தி வழியிலேயே போய்விடும், 435-இல் பாதிக்கு மேல் போய்விடும். எல்.எம்.ஆர்.-400 ரகம் பிரமாதம், விலையும் அப்படியே. நடுவழி ஒன்று, கேபிள் டிவிக்காரர்கள் போடும் ஆர்.ஜி.-6. அது 75 ஓம், நமக்கு வேண்டியது 50, அதனால் எஸ்.டபிள்யூ.ஆர். கொஞ்சம் ஏறலாம், இந்தச் செட்டுக்கு அது ஒன்றும் செய்யாது, ஆனால் ஆர்.ஜி.-58-ஐவிட இழப்பு குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும். தடித்த கேபிளை நேராகச் செட்டில் மாட்டாமல், நடுவில் ஒரு சாண் மெல்லிய கேபிள் துண்டு வைத்து இணையுங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் அந்த எஸ்.எம்.ஏ.தான் அடி வாங்கும். ஐப்பசி கார்த்திகை இடி மழையில் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள், நேரடி மின்னல் விழாவிட்டாலும் பக்கத்தில் விழுவதே செட்டைக் கொல்லப் போதும். மாடியில் மின்கம்பி பக்கமாகப் போகிறதென்றால், பைப் சாய்ந்தாலும் அதைத் தொடாத தூரத்தில் நடுங்கள், இதில் சமரசமே கூடாது.

யாகி, அதாவது ஒரே திசையில் சக்தியைக் குவிக்கும் பல கம்பி ஆன்டெனா, எப்போது வேண்டும்? ஒரே திசையில் உள்ள தூரத்து ரிப்பீட்டர், அல்லது செயற்கைக்கோள். தச்சர் பயன்படுத்தும் எஃகு டேப்பை வெட்டி பி.வி.சி. பைப்பில் பொருத்தி மூன்று கம்பி யாகி செய்வது உலகம் முழுக்க ஹாம்கள் செய்து பார்த்த வேலை, பட்டை மடங்கும் என்பதால் ஸ்கூட்டரில்கூட எடுத்துப் போகலாம். அமெரிக்காவின் ஏரோ (Arrow) கம்பெனி யாகி கையில் பிடித்தபடியே இரண்டு பேண்டிலும் வேலை செய்யும், விலை உங்கள் செட்டைப் போலப் பல மடங்கு. நகருக்குள் அன்றாடம் பேச இரண்டுமே வேண்டாம். சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கேட்க மட்டும் ஆசைப்படுகிறவர் யாகிகூடத் தேட வேண்டியதில்லை. 145.800 மெகாஹெர்ட்ஸை வையுங்கள், ஸ்குவெல்ச்சை (சன்னமான சிக்னலை அடக்கும் அமைப்பை) 0-வுக்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் சன்னமான தொடக்கத்தைச் செட் வெட்டிவிடும். தலைக்கு மேலாகப் போகும் நேரம் பார்த்து மொட்டை மாடிக்குப் போய், 40 செ.மீ. விப்பை வால் ஒயரோடு மாட்டிப் பிடியுங்கள். இங்கே மட்டும் செட்டை நிமிர்த்திப் பிடிக்கும் வழக்கத்தை விடுங்கள், நேராகத் தலைக்கு மேல் இருப்பதை நிமிர்ந்த கம்பி சரியாகக் கேட்காது, நுனி விண்வெளி நிலையத்தைப் பார்த்து நிற்காமல் குறுக்காக இருக்கும்படி சாய்த்து, மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள், எந்தச் சாய்வில் கரகரப்பு குறைகிறதோ அங்கே நிறுத்துங்கள். சிறிது நேரத்தில் அது மாறும், மறுபடி திருப்புங்கள்.